போர்க் காணொலியில் ‘வெற்றிடக் குண்டு’ என்று போட்டிருந்தால் எப்படிப் பார்ப்பது

2022 மார்ச்சில் நான் ஒரு தப்பான படம் போட்டேன். கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் என் பொறுப்பு. உக்ரைன் போர் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பக்கம் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது ‘வெற்றிடக் குண்டு வெடிக்கும் காட்சி’ என்று ஒரு படம் கைக்கு வந்தது. போட்டுவிட்டேன். காலையில் வாசகர் ஒருவர் கூப்பிட்டு, அது 2015 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கு வெடித்த படம் என்றார். அவர் சொன்னது சரி.

என்னை அதிகம் உறுத்தியது வேறு ஒன்று. எரிபொருளை மேகமாகப் பரப்பி வெடிக்கவைக்கும் அந்த ஆயுதத்தை ரஷ்யா உக்ரைனில் பயன்படுத்தியது உண்மைதான். அதை ராக்கெட்டில் வைத்து ஏவும் டாஸ்-1ஏ வண்டியைப் பயன்படுத்தியதை ரஷ்யத் தரப்பே உறுதி செய்திருப்பதாக பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சு மார்ச் 9 அன்று சொன்னது. உண்மையான செய்திக்குப் பொய்ப்படம் வைத்தால், அப்புறம் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்க்கிற யாரும் இதைச் செய்யலாம்.

முதலில் நெருப்பைப் பார்க்காதீர்கள், வண்டியைப் பாருங்கள். நம் மலேசிய இராணுவத்தின் பெண்டேக்கார் டாங்கியை அணிவகுப்பில் பார்த்திருப்பீர்கள். அது போலந்தில் செய்தது, சோவியத் டி-72 டாங்கியின் வழி வந்தது. அந்த மாதிரி உடலில் பீரங்கிக் கோபுரத்தைக் கழற்றிவிட்டு, குழாய்கள் அடுக்கிய ஒரு பெரிய பெட்டியை ஏற்றி வைத்தால் அதுதான் டாஸ். பழைய டாஸ்-1க்கு 30 குழாய், டாஸ்-1ஏவுக்கு 24. ராக்கெட்டின் விட்டம் 220 மில்லிமீட்டர். காணொலியை நிறுத்தி நிறுத்திக் குழாய்களை எண்ணுங்கள். லாரியில் நீளமான குழாய்கள் இருந்தால், நம்மிடம் இருக்கும் பிரேசில் நாட்டு ஆஸ்ட்ரோஸ் மாதிரி வேறு வகை ராக்கெட் வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் சக்கரத்தில் ஓடும் டாஸ்-2ஐ 2020இல் மாஸ்கோ வெற்றி அணிவகுப்பில் காட்டினார்கள். லாரி என்பதற்காக மட்டும் தள்ளிவிட வேண்டாம்.

அடுத்து தூரம். டாஸ்-1ஏ சுமார் 6 கிலோமீட்டர்தான் எட்டும், புதிய ராக்கெட் போட்டால் இன்னும் கூடுதலாக எட்டும். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து செந்தூல் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கிட்டே போகவேண்டும் என்பதால்தான் அதற்கு டாங்கியின் கவசம். போர்முனையிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரை இந்த வண்டி அடித்தது என்று யாராவது எழுதினால், வரைபடத்தைத் திறந்து அளந்துவிட்டு நம்புங்கள்.

எல்லாமே வண்டியில் வருவதும் இல்லை. ரஷ்யாவின் ஷ்மெல் தோளில் வைத்துச் சுடுவது, சுமார் 11 கிலோ. கடையில் வாங்கும் பத்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்த கனம். அமெரிக்க மரைன் படையும் 2004இல் ஈராக்கின் ஃபலூஜாவில் இதே வகைத் தோள் ராக்கெட்டைக் கட்டடங்களுக்குள் சுட்டது. ஒரு நாடு மட்டும் வைத்திருக்கும் ஆயுதம் என்று எழுதுவது தவறு.

இனி வெடிப்பு. சமையலறையில் கேஸ் கசிந்து அறை முழுக்கப் பரவிய பிறகு யாரோ விளக்கைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு புள்ளியில் வெடிக்காது, அறையே வெடிக்கும். இந்த ஆயுதத்தின் அடிப்படை அதுதான். சாதாரண வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். இதிலோ எரிபொருள் மேகமாகப் பரவி, சுற்றியிருக்கும் காற்றின் ஆக்சிஜனை எடுத்து எரிகிறது. அழுத்த அலை கூடுதல் நேரம் நீடிக்கும், மூலை திரும்பும், படிக்கட்டில் இறங்கும். சாதாரணக் குண்டின் உலோகத் துண்டு பாய்வதைச் சுவர் தடுக்கும். இதைத் தடுக்காது.

ஏமாற்றும் காட்சிகள் சில உண்டு. 2020இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்தபோது எழுந்த வெள்ளைக் குடை எரிபொருள் மேகம் அல்ல. அழுத்த அலை கடந்ததும் காற்றிலிருந்த ஈரம் ஒரு நொடி பனியாகத் திரண்டது. வானத்திலிருந்து பொறிப்பொறியாக வெள்ளை நெருப்பு இறங்கினால் அது தீமூட்டும் குண்டு, வேறு ரகம். 2025 ஏப்ரல் 1 காலை சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் கேஸ் குழாய் எரிந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த நெருப்புத் தூண் அணையாமல் நின்றுகொண்டே இருந்தது. நின்று எரிவது வேறு, சில வினாடிகளில் வரிசையாக இருபது வெடி விழுவது வேறு. ஒளிக்கும் ஓசைக்கும் நடுவே எண்ணுங்கள்: மூன்று வினாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தூரத்து வெடிப்பில் இரண்டும் ஒன்றாகவே வந்தால், ஒலியை யாரோ பிறகு சேர்த்திருக்கிறார்கள். அல்லது அது வீடியோ கேம். ஆர்மா 3 விளையாட்டின் காட்சிகள் போர்க் காட்சியாகச் சுற்றுவதாக அதைச் செய்த நிறுவனமே 2022இல் எச்சரித்தது.

சொற்களிலும் கவனம் வேண்டும். ‘வெற்றிடக் குண்டு’ என்றால் காற்றை உறிஞ்சிக் கொல்லும் ஏதோ மாயம் போல ஒலிக்கிறது. நான் ‘வெப்ப அழுத்த ஆயுதம்’ என்று எழுதுகிறேன். ‘தடைசெய்யப்பட்ட ஆயுதம்’ என்றும் போடாதீர்கள். இதைப் பெயர் சொல்லித் தடுக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. மக்கள் குடியிருக்கும் இடத்தில் கண்மூடித்தனமாக அடிப்பதைத்தான் போர்ச் சட்டம் தடுக்கிறது. குற்றம் சாட்டுவதென்றால் அதைச் சொல்லிச் சாட்டுங்கள்.

திருத்தம் போட்ட அன்று மனைவியின் அம்மம்மா என்னிடம் விவரம் கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்கு நடுவே வாழ்ந்துவிட்டு இங்கே வந்தவர். கந்தசாமி கோயிலுக்குப் போய்வந்து, திருநீறு காயாத நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். எப்படி வேலை செய்கிறது என்று சொன்னேன். கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“ஷெல் அடிச்சால் பங்கருக்குள்ள ஓடுவம். பங்கருக்குள்ளயே வந்து கொல்லுமெண்டால் சனம் எங்க போறது, தம்பி?”

எனக்குப் பதில் வரவில்லை. இப்போது இந்த ஆயுதம் பற்றிச் செய்தி வந்தால், குழாய்க் கணக்குக்கும் தூரக் கணக்குக்கும் பிறகு இன்னொன்றையும் தேடுகிறேன்: அடித்த இடத்தில் நிலவறை இருந்ததா, அதில் ஆள் இருந்தார்களா. அது தெரிந்தால் செய்தியின் முதல் வரியாக அதைத்தான் வைக்கிறேன்.