போலந்துக் குழுக்களைக் கேட்க, வாசிக்க: கர்நாடக இசைக் காதுக்கு ஒரு வழி

ராகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தாளத்தைப் பிடியுங்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என்னிடம் வயலின் படிக்கிற பிள்ளைகள், "ஜூன் 21 இசை விழாவுக்குப் புதுசா ஏதாவது வாசிக்கலாம் டீச்சர்" என்று போலந்து நாட்டுப்புற இசைக் குழுக்களின் வீடியோவை நீட்டும்போது நான் சொல்வதும் இதைத்தான்.

போலந்துச் சமவெளியின் ஆட்டப்பாட்டுகளில் குயாவியாக், மசுரெக், ஒபெரெக் மூன்றும் திஸ்ரம், அதாவது மூன்று எண்ணிக்கை. குயாவியாக் நிதானம், ஒபெரெக் ஓட்டம், மசுரெக் இரண்டுக்கும் நடுவில். தகிட, தகிட என்று தொடையில் போட்டால் சுலபமாகத்தான் தெரியும். ஆனால் நாம் 'த'வில் எதிர்பார்க்கிற அழுத்தம் அங்கே 'கி'யிலோ 'ட'விலோ போய் விழும். அதனால் இடது கையால் மேசையில் 'த' மட்டும் தட்டுங்கள். அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே வலது கை. இரண்டு கையும் சண்டையை நிறுத்துகிற வரைக்கும் அதே பாட்டுதான், அடுத்ததற்குப் போகவேண்டாம். சீராகத் தட்டிக்கொடுக்கும் மெட்ரோனோம் கருவி உதவாது. கிராமத்து வயலின்காரர் ஓர் எண்ணிக்கையை இழுத்து அடுத்ததை நெருக்குவார், ஆடுகிறவர்களும் அதற்குத் தகுந்தபடி சுழல்வார்கள். இதற்கு யானுஷ் புருசினோவ்ஸ்கியின் குழுவைக் கேளுங்கள். கிராமத்துப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற கை என்பது நாலு வில் போடுவதற்குள் தெரிந்துவிடும்.

அடுத்தது குரல். 1997இல் தொடங்கிய வார்சா வில்லேஜ் பேண்டின் பெண்கள் தொண்டையைத் திறந்து, நெஞ்சிலிருந்து, கிட்டத்தட்டக் கத்துகிற மாதிரி பாடுவார்கள். திறந்தவெளியில் தூரத்துக்குக் கேட்கவேண்டிய குரல் அது. பாகூர்ப் பக்கம் நடவுப் பாட்டு கேட்டவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. சபாக் கச்சேரி மட்டுமே கேட்டவர்கள் இரண்டு பாட்டு பொறுக்கவேண்டும். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள்.

அதே குழுவில் முழங்காலில் நிறுத்தி வாசிக்கிற ஒரு வாத்தியத்தையும் கவனியுங்கள். பெயர் சூகா. வழக்கொழிந்து போயிருந்த இதை 1895ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றைத் துணையாகக் கொண்டு மீட்டவர்களில் முக்கியமானவர் மரியா பொமியனோவ்ஸ்கா. இந்தியாவுக்கு வந்து ராம் நாராயணிடம் வட இந்திய வில் வாத்தியமான சாரங்கி கற்றவர். சாரங்கியைப் போலவே சூகாவிலும் தந்தியை மேலிருந்து அமுக்குவதில்லை, பக்கவாட்டில் நகத்தால் தொடுவார்கள். வயலின்காரர்கள் அந்த இடது கையை மட்டும் தனியாகப் பார்க்கலாம்.

இனி ராகம். தெற்கே பொத்ஹாலே மலைப் பாட்டுகளில் பிரதி மத்யமம் (உயர்ந்த 'ம') வரும். கல்யாணி என்று சட்டென்று தோன்றும். பல பாட்டில் கைசிகி நிஷாதமும் (தாழ்ந்த 'நி') சேர்ந்து வாசஸ்பதி ராகத்தின் சுரங்களாகிவிடும். கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) தேடாதீர்கள், கிடைக்காது. நமக்கு உண்மையில் சிரமம் தருவது ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரத்தில் பாடும் குரல்கள்தான். ஒரு குரலை மட்டும் கடைசி வரை பின்தொடருங்கள், மறுபடி போட்டு இன்னொன்றை. இந்த மலைப் பாட்டை ஜமைக்காவின் ரெகே குழுவான ட்விங்கிள் பிரதர்ஸோடு சேர்ந்து ரெகேயாக்கிய த்ரெபுனியே-துத்கி குடும்பத்தாரைக் கட்டாயம் கேளுங்கள். ரெகே வந்தும் மலைக்காரர் குரல் துளி மாறவில்லை. புதுசாக்குவதென்றால் எனக்கு இதுதான். மின்கிதார், டிரம்ஸ் வைத்துக் கல்யாண மண்டபப் பாட்டாக்கிவிட்ட குழுக்களும் அங்கே உண்டு, அவசரமில்லை.

(கிராக்கோவின் க்ரோகே குழு யூதர்களின் க்ளெஸ்மெர் மரபில் வந்தது, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வகுளாபரண ராகம் பிடித்தவர்களுக்கு அதில் விருந்து.)

வாசிக்கத் துணிந்தால் இரண்டு வயலின், ஒரு கஞ்சிரா போதும். ஒருவர் மெட்டு, மற்றவர் இரண்டு தந்தியைச் சேர்த்து இழுத்துத் தாளம் மட்டும். கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் போட்டு நிரப்ப ஆசை வரும், வேண்டாம். வெறும் சத்தம்தான் தேவையென்றால் சுதாரி என்ற போலந்துக் குழுவின் பெண்கள் காய் துருவியையே வாத்தியமாக்கியதைப் பாருங்கள், வீட்டிலேயே இருக்கிறது.

நம் ச-ப-ச-ப சுருதியை அவர்களுடைய ஜி-டி-ஏ-ஈக்கு மாற்றும்போது நாலு தந்தியையும் நன்றாக ஏற்றவேண்டிவரும். பழைய தந்தியில் முயலாதீர்கள். புதுத் தந்தி போட்டு, ஒரே மூச்சில் முறுக்காமல், குதிரை (தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) முன்னால் சாய்கிறதா என்று அவ்வப்போது பார்த்து நிமிர்த்திக்கொண்டே ஏற்றுங்கள்.