தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் நடுவில் நீங்கள் நிற்காதீர்கள்

வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கிய புதிதில் வீடு, பள்ளி, வங்கிக் கணக்கு என்று ஓடிக்கொண்டே இருப்பீர்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு பேசுவது அப்போது அவசர வேலையாகத் தோன்றாது. ஆனால் முதல் வருடத்திலேயே கவனிக்க வேண்டிய விஷயம் இது. நான்கு வயதில் பாட்டியிடம் ஓயாமல் கதை அளந்த பிள்ளை, பள்ளிக்குப் போன சில வருடங்களில் "ம்", "சரி" என்று முடித்துக்கொள்வதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பாசம் அப்படியேதான் இருக்கும். நினைப்பதைத் தமிழில் சொல்ல வராது.

பள்ளியில் சேர்ந்ததும் பிள்ளை சில மாதம் வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். அதற்குப் பயந்து வீட்டிலும் பள்ளி மொழிக்கு மாறிவிடாதீர்கள். வகுப்பும் நண்பர்களும் அந்த மொழியை எப்படியும் கொடுத்துவிடுவார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. அன்னிக் டி ஹவுவர் என்ற மொழியியலாளர் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஏறக்குறைய 1,900 குடும்பங்களை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார். பெற்றோரில் ஒருவராவது அந்த ஊர் மொழி அல்லாத வேறு மொழி பேசிய அந்த வீடுகளில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் பிள்ளைகள் அந்த வேறு மொழியைப் பேசவில்லை. பெற்றோர் இருவருமே வீட்டில் அந்த மொழியை மட்டும் பேசிய இடங்களில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் பேசினார்கள். மூத்த பிள்ளை பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் பள்ளி மொழி வீட்டுக்குள் வந்துவிடும். இளையது அதைக் கேட்டே வளரும். அதனால் இளையவர்களோடு தமிழில் இன்னும் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும்.

அப்புறம் வீடியோ கால். ஒன்றரை வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்கூட, 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. எனவே கைக்குழந்தையிலிருந்தே தொடங்கலாம்.

பெரும்பாலான வீடுகளில் அழைப்பு கெட்டுப்போவது கேள்விகளால்தான். "சாப்பிட்டியா? ஸ்கூலுக்குப் போனியா?" என்று கேட்டால் "ஆமா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளையின் அன்றாடம் பாட்டிக்குத் தெரியாதே, பாவம், வேறு என்னதான் கேட்பார்? முந்தின நாளே பாட்டிக்குச் செய்தி கொடுங்கள்: இந்த வாரம் நீச்சலில் முதல்முறை ஆழத்துக்குப் போனான், சினேகிதனோடு சண்டை. அதைப் பிடித்துக்கொண்டு பாட்டி கேட்டால் பிள்ளை தானாகப் பேசும்.

பேசும்போது நடுவில் புகுந்து மொழிபெயர்க்காதீர்கள். நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று தெரிந்துவிட்டால் இரண்டு பக்கமும் முயற்சியை விட்டுவிடும். பிள்ளை திணறினால் கொஞ்சம் காத்திருங்கள். அதற்கு மேலும் வராவிட்டால் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொடுங்கள். பள்ளி மொழிச் சொற்கள் நாலு கலந்து வந்தால் வரட்டும்.

ஒரு விஷயத்தைத் தாத்தா பாட்டியிடமும் உறவுகளிடமும் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், பிள்ளையின் எதிரிலேயே "இதுக்குத் தமிழே வராது" என்று சொல்ல வேண்டாம். செல்லமாகச் சொன்னதுதான் என்றாலும், கூச்சப்பட்ட பிள்ளை அடுத்த தடவை போனுக்கே வராது.

வாரக்கடைசித் தமிழ் வகுப்பு அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. அங்கே கற்பது எழுத்துத் தமிழ், பாட்டி பேசுவதோ பேச்சுத் தமிழ். அது வீட்டில் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். நேர வித்தியாசம் ஒத்துவராவிட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பலாம். யோசித்துப் பேச நேரம் கிடைக்கிறது, தாத்தாவும் திரும்பத் திரும்பக் கேட்கலாம். காது மந்தமானவர்களுக்கு இது பெரிய உதவி.

பெரியவர்கள் வந்து தங்கும்போது பிள்ளைக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பஸ் பிடிப்பது எப்படி, துவைக்கும் மெஷினில் எந்தப் பொத்தான் என்று தாத்தாவுக்கு அதுவே சொல்லித்தரட்டும். தாத்தாவுக்கு நிஜமாகவே தெரியாது, அதனால் கேட்டுக்கொண்டே இருப்பார். பிள்ளையும் அவருக்குப் புரியும்வரை தமிழில் விளக்கியே ஆகவேண்டும்.