பியானோ மேடைக் கனவும் சேலத்துப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

"எட்டாவது கிரேடு முடிச்சாச்சு சார், அடுத்து கச்சேரி மேடைதானே?" சேலத்தில் பியானோ சொல்லிக்கொடுக்கும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது. ஆசையோடு கேட்கிறார்கள், செலவுக்கும் தயங்குவதில்லை. ஆனால் கிரேடு தேர்வையும் மேடைக் கலைஞரின் வாழ்க்கையையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் பல தவறுகளும் தொடங்குகின்றன.

லண்டன் டிரினிட்டி கல்லூரி எட்டாவது கிரேடு வரை படிப்படியாக நடத்தும் தேர்வில் 3 பீஸ்கள், அதாவது இசைப் படைப்புகள், வாசித்தால் போதும், மற்றவை ஸ்கேல் என்னும் சுர வரிசைகளும் சின்னச் சின்னச் சோதனைகளும். வருஷம் முழுக்க அந்த மூன்றையே உருப்போட்டு நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். மேடைக் கலைஞருக்கு ஒரு தனிக் கச்சேரி என்றாலே ஒரு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் நோட்ஸ் (எழுதி வைத்த இசைக் குறிப்பு) பார்க்காமல் வாசித்தாக வேண்டும். ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் கன்செர்ட்டோ இதில் சேராது. பேத்தோவன் மட்டுமே 32 பியானோ சொனாட்டாக்கள் (பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்புகள்) எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பியானோ கலைஞர் வான் கிளைபர்ன் 1958-ல் மாஸ்கோவில் சைகோவ்ஸ்கி போட்டியில் ஜெயித்தபோது அவருக்கு வயது 23. உலகமே கொண்டாடியது. போன இடமெல்லாம் ஜெயித்த அதே கன்செர்ட்டோக்களைத்தான் கேட்டார்கள், அவரும் வாசித்தார். 1978-ல் மேடையை விட்டே ஒதுங்கிவிட்டார். அவருக்கே அந்த நிலை என்றால், மூன்று பீஸோடு நிற்கும் பிள்ளையின் நிலையை யோசியுங்கள். இரண்டு கிரேடுகளுக்கு நடுவே ஒரு வருஷம் இடைவெளி விடுங்கள். பாக், ஹைடன், ஷூமான் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் எளிமையான பீஸ்களை நிறைய வாசிக்கட்டும். முன்பு பார்க்காத நோட்ஸைத் தினமும் 10 நிமிஷம் பார்த்து வாசிக்கட்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதுபோல ஒரு கொடுமை வேறில்லை. தேர்வு நெருங்கும் வாரங்களில் ஆக்டேவ், அதாவது கீழ் ஸ்வரத்தையும் மேல் ஸ்வரத்தையும் ஒரே கையால் சேர்த்து அழுத்த வேண்டிய இடம், வரும்போது கவனியுங்கள். சின்னக் கை எட்டாது. உள்ளங்கை விறைத்து, மணிக்கட்டு மேலே தூக்கி, தோள் காதுப் பக்கம் ஏறும். பிள்ளை தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் "இன்னும் பத்து தடவை வாசி" என்று சொல்லாதீர்கள். அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃப்ளைஷரின் வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் 1964 வாக்கில் தானாக உள்ளே மடங்கத் தொடங்கின. அப்போது அவருக்கு 36 வயது. அளவுக்கு மீறிய சாதகம்தான் காரணம் என்று பிற்பாடு அவரே வருந்தினார். பல வருஷம் இடது கைக்காக எழுதப்பட்ட இசையை வாசித்தும், கற்பித்தும், ஆர்கெஸ்ட்ரா நடத்தியும் வாழ்ந்தார். இரண்டு கையாலும் மறுபடி வாசிக்க 1990-கள் வரை ஆயிற்று. அரை மணிக்கு ஒருமுறை பிள்ளையின் கை ஓயட்டும். முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வரும்படி இருக்கையைச் சரிசெய்யுங்கள், கால் எட்டாவிட்டால் பலகை போடுங்கள். வலிக்கிறது என்று சொன்னால் அன்றைக்குப் பியானோவை மூடிவிடுங்கள். வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கருவி விஷயத்துக்கு வருவோம். 61 கட்டை கீபோர்டிலேயே வருஷக்கணக்கில் ஓட்டாதீர்கள். பியானோவுக்கு 88 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு சுத்தி எழும்பித் தந்தியை அடிக்கிறது, அந்தக் கனம் விரலுக்குப் பழக வேண்டும். வெயிட்டட் கீ (அதே கனம் தரும் கட்டை) உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஆரம்பத்துக்குப் போதும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில் பழைய பியானோ மலிவாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்ட கையோடு வேனை அனுப்புகிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். ஈரத்தில் மரம் உப்பி, அழுத்திய கட்டை மேலே வராமல் ஒட்டிக்கொள்ளும். தந்தியில் துரு ஏறும். அப்படி ஊறிய பியானோ சேலத்துச் சித்திரை வெயிலுக்கு வந்தால் ஒலிப்பலகை சுருங்கிச் சுதி இறங்கும், சில சமயம் விரிசலும் விடும். உள்ளே 200-க்கும் மேற்பட்ட தந்திகள் மொத்தம் 15 டன்னுக்கு மேல் இழுவையில் நிற்கின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் முளைகள் தளர்ந்துவிட்டால் எத்தனை தடவை சுதி சேர்த்தாலும் நிற்காது. வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தாலும், டியூனரை அழைத்துப்போய்க் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டுக்கு வந்த பியானோ சில வாரம் இந்தக் காற்றுக்குப் பழகிய பிறகே சுதி சேருங்கள். ஜன்னலோரமும் ஏசி காற்று நேராகப் படும் இடமும் வேண்டாம்.

பியானோவுக்காகப் பாட்டு வகுப்பை நிறுத்துவதும் தவறு. கர்நாடக சங்கீதம் பாடிப் பழகிய பிள்ளைக்கு ஒரு வரியை எங்கே மூச்சுவிட்டு எடுக்க வேண்டும் என்பது தானாக வந்துவிடுகிறது. அதை விரலுக்குக் கொண்டுவருவது எளிது, இல்லாத பிள்ளைக்குப் புதிதாக ஊட்டுவது கடினம்.

போட்டிக்கு அவசரம் வேண்டாம். போலந்து நாட்டு வார்சாவின் ஷோபான் பியானோ போட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது, அதில் இருபதுகளில் இருப்பவர்களே அதிகம். 1990-லும் 1995-லும் அங்கே யாருக்குமே முதல் பரிசு தரவில்லை.

பத்தாம் வகுப்பு வந்ததும் பியானோவைத் துணி போட்டு மூடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டு இசைக் கல்லூரிகள் 17, 18 வயதில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் சேர்த்துக்கொள்கின்றன. பெரும்பாலும் பாக் எழுதிய ஒரு பீஸ், ஒரு சொனாட்டா, விரல் பயிற்சிக்கென்றே எழுதிய ஒரு எட்யூட் கேட்பார்கள். அவை ஊறுவதற்கான வருஷங்களைத்தான் நாம் டியூஷனுக்குக் கொடுத்துவிடுகிறோம். பொதுத்தேர்வு வருஷத்திலும் தினம் 45 நிமிஷம் ஒதுக்கினால் கை விட்டுப்போகாது. அந்த 45 நிமிஷத்தைப் பிள்ளை டியூஷன் முடிந்து அலுத்து வரும் ராத்திரியில் வைக்காமல், பள்ளிக்குக் கிளம்பும் முன் காலையிலேயே வைத்துவிடுங்கள்.