தேர்வு நேரத்தில் இணையத்தை மட்டும் நிறுத்தியது: என் அனுபவம்

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் 20 கணினிகள். செய்முறைத் தேர்வின்போது இணையம் வரக்கூடாது, ஆனால் ஆசிரியர் கணினியில் உள்ள ஃபோல்டரில் விடைகளைச் சேமிக்க வேண்டும். மேனேஜ்டு சுவிட்சில் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும், நாமே அமைப்புகளை மாற்றக்கூடிய பெட்டி) போர்ட் ஐசொலேஷன் போட்டேன், அதாவது எந்தக் கேபிள் துளை எதனுடன் பேசலாம் என்று கட்டுப்படுத்தினேன்: மாணவர் போர்ட்டுகள் ஆசிரியர் போர்ட்டுடன் மட்டும் பேசும், இணையம் வரும் ரவுட்டரின் போர்ட்டுடன் பேசாது.

காலை 9 மணிக்குச் சரியாக இருந்தது. 11 மணிக்கு மேல் ஒவ்வொரு கணினியாக ஃபோல்டர் திறக்காமல் போனது. கேபிளை மாற்றினேன், ஃபயர்வாலை அணைத்தேன், சுவிட்சை ரீசெட் செய்து திரும்ப அமைத்தேன். மூன்று நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் கவனித்தேன். காலையில் எந்த வரிசையில் கணினிகளை ஆன் செய்தோமோ, அதே வரிசையில்தான் அவை விழுந்தன! விழுந்த ஒன்றில் ஐபிகான்ஃபிக் (கணினியின் நெட்வொர்க் முகவரியான ஐபியைக் காட்டும் கட்டளை) அடித்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி; ஐபி கொடுக்க யாரும் இல்லாதபோது கணினி தானே வைத்துக்கொள்வது அது. ஐபி கொடுப்பது ரவுட்டர், லீஸ் (அந்த ஐபி செல்லுபடியாகும் நேரம்) 120 நிமிடம். ரவுட்டரை மறைத்துவிட்டதால் எந்த மாணவர் கணினியாலும் லீஸைப் புதுப்பிக்க முடியவில்லை.

ஆசிரியர் கணினி உட்பட எல்லாவற்றுக்கும் நிலையான ஐபி (நாமே கொடுக்கும், மாறாத முகவரி) கொடுத்தேன், ரவுட்டர் வழங்கும் எண்களுக்கு வெளியே. மூன்று மணி நேரத் தேர்வு முழுக்க ஃபோல்டர் திறந்தே இருந்தது. நிம்மதி. சுவிட்சில் அப்ளை கொடுத்தபின் சேவும் கொடுங்கள். எங்கள் சுவிட்சில் அதை விட்டால், கரண்ட் போய் வந்ததும் ஐசொலேஷன் காணாமல் போய்விடுகிறது.