பீச் இலைச்சுருட்டு நோய்: மருந்தடிக்க வேண்டியது மொட்டை மரத்தில்

பீச் மரத்தின் தளிர் தடித்து, கொப்புளமாகப் புடைத்து, சிவந்து சுருண்டால் அது டாஃப்ரினா டிஃபார்மன்ஸ் என்ற பூஞ்சையின் வேலை. அந்த நேரத்தில் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பூஞ்சை எப்போதோ இலைக்குள் புகுந்துவிட்டது; அந்த ஆண்டுக்கு மருந்துக்கு வேலை இல்லை.

பூஞ்சையின் வித்துகள் பட்டையிலும் மொட்டுச் செதில்களிலும் தங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மொட்டு உப்பும்போது, 10 முதல் 21 டிகிரி குளிரில், மரம் அரை நாளுக்கு மேல் நனைந்தே இருந்தால் தளிரைப் பிடித்துவிடும். கொடைக்கானல் சாரலுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே இரண்டு தெளிப்பு: இலை முழுவதும் உதிர்ந்ததும் ஒன்று, மொட்டு உப்பத் தொடங்குவதற்கு முன் ஒன்று. நாள்காட்டியை நம்ப வேண்டாம், வகைக்கு வகை மொட்டு விழிக்கும் நாள் மாறும். மரத்தைப் பாருங்கள்.

மருந்து, ஒரு சதவீத போர்டோ கலவை. பிளாஸ்டிக் வாளி ஒன்றில் 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரையுங்கள். மற்றொன்றில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பைச் சிறிது நீர்விட்டு நீர்த்து, 5 லிட்டராக்குங்கள். சுண்ணாம்பு கொதிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில்தான். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், கலக்கிக்கொண்டே, மெதுவாக. மாற்றி ஊற்றினால் கலவை திரிதிரியாகித் தெளிப்பானின் முனையை அடைக்கும். பிறகு தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். அதில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். படிவது நிற்கும்வரை விடாதீர்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி அன்றே அடித்துத் தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு ஆகாது.

பேட்டரி தெளிப்பானை விட, பித்தளை முனை வைத்த கைத்தெளிப்பானே எனக்குப் பிடிக்கும். அடைத்தால் கழற்றி ஊதிவிடலாம். ஒவ்வொரு குச்சியும் சொட்டச் சொட்ட நனையட்டும். இலை வந்த பிறகு இதை அடித்தால் இலை கருகும்.

நோய் வந்துவிட்ட மரத்துக்குத் தண்ணீரும் எருவும் கொடுத்து, பிஞ்சுகளைக் குறைத்துவிடுங்கள். சுருண்ட இலை தானே உதிர்ந்து, வெயில் ஏறியதும் வரும் தழை பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

பின்சேர்க்கை: இரண்டு முறை அடித்தும் சுருள்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இலையைத் திருப்பிப் பாருங்கள். புடைப்பு இல்லாமல், அடியில் அசுவினிப் பூச்சி மொய்த்து எறும்பும் ஊர்ந்தால் அது வேறு கதை. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் அடியுங்கள்.