சுவரை நோக்கிய ஓட்டம்: முதல் தடவை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தின் நடுவில் ஒரு புதன்கிழமை காலை, கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ நகரிலிருந்து நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் கிழக்கு நோக்கிக் கிளம்புகின்றன. அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை வாஷிங்டனை அடைகின்றன. ‘ரன் ஃபார் தி வால்’ என்று பெயர். ‘வால்’ என்பது வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர். வியட்நாம் போரில் இருந்து திரும்பிய இருவர் 1989இல் தொடங்கியது. போரில் இறந்தவர்களை நினைப்பது, கைதியாகிப் போய்த் திரும்பாதவர்களுக்கும் காணாமல் போனவர்களுக்கும் கணக்குக் கேட்பது, திரும்பி வந்தவர்களின் மனக்காயம் ஆற வழி செய்வது ஆகியவைதான் நோக்கம். ‘வர முடியாதவர்களுக்காக நாங்கள் ஓட்டுகிறோம்’ என்பது அவர்கள் சொல்லும் வாசகம். படையில் இருந்திராதவர்களும் போகலாம். முழுத் தூரம் முடியாதவர்கள் ஒரு நாள் மட்டும் சேர்ந்துகொள்ளலாம்.

பத்து நாளும் கூட்டமாக ஓட்ட வேண்டிய பயணம் இது. தனியாகப் போகும்போது உங்கள் தவறு உங்களோடு போய்விடும். இங்கே உங்கள் டேங்க் காலியானால் பின்னால் வரும் முந்நூறு பேர் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயம் உறைக்காததால் வருபவை.

எந்த ஓட்டம் என்றே தெரியாமல் வருவது

இதையும் ‘ரோலிங் தண்டர்’ ஊர்வலத்தையும் ஒன்றென நினைப்பவர்கள் நிறைய. ரோலிங் தண்டர் 1988இல் தொடங்கியது. மெமோரியல் டே வார இறுதி ஞாயிற்றுக்கிழமை வாஷிங்டனுக்குள்ளேயே நடந்த ஒரு நாள் ஊர்வலம். 2019தான் அதன் கடைசி ஆண்டு. அதன் இடத்தில் இப்போது ‘ரோலிங் டு ரிமெம்பர்’ நடக்கிறது. சுவரை நோக்கிய ஓட்டம் பத்து நாள் நெடும்பயணம். அதிலும் நடு, இடை, தெற்கு என்று மூன்று தடங்கள் உண்டு. நடுத்தடம் ராக்கி மலைப் பக்கம் ஏறிக் குளிரில் இறங்கும். தெற்குத் தடம் டெக்சாஸ், லூசியானா வழியே புழுக்கத்தில் போகும். எந்தத் தடம் என்று முடிவு செய்யாமல் உடுப்பு வாங்காதீர்கள்.

மெமோரியல் டே மே மாதக் கடைசித் திங்கள், இறந்தவர்களுக்கான நாள். உயிரோடு இருக்கும் முன்னாள் வீரர்களுக்கானது நவம்பர் 11. எனவே ‘ஹேப்பி மெமோரியல் டே’ என்று கைகுலுக்குவது, திதி கொடுக்கும் வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொல்வது போல. வியட்நாமில் இருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது ‘வெல்கம் ஹோம்’. அன்றைக்கு ஊர் திரும்பியபோது அவர்களில் பலருக்கு யாரும் சொல்லாத சொல் அது.

டேங்க் கணக்கு

கூட்டம் ஏறக்குறைய 100 மைலுக்கு ஒரு முறை, அதாவது 160 கி.மீ.க்கு ஒரு முறை பெட்ரோலுக்கு நிற்கும். ஹார்லி-டேவிட்சனின் ஸ்போர்ட்ஸ்டர் வகை வண்டிகள் சிலவற்றில் டேங்க் கொள்ளளவு 8 லிட்டர்தான். லிட்டருக்கு 20 கி.மீ. என்றால் சரியாக 160. காகிதத்தில் சரி, சாலையில் சரிவராது. எதிர்காற்றும், பின்னால் கட்டிய மூட்டையும், படபடக்கும் இரண்டு கொடிகளும் சேர்ந்தால் மைலேஜ் கண்டிப்பாக இறங்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, கொடியும் மூட்டையும் கட்டிய நிலையில், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள். 200 கி.மீ.க்குக் குறைவாக வந்தால் அந்த வண்டி வேண்டாம். இல்லையேல் பெரிய டேங்க் மாட்டுங்கள்.

பங்கில் வண்டியை விட்டு இறங்கி, கார்டு தேய்த்து, ரசீதுக்குக் காத்திருப்பது அடுத்த தவறு. இருநூறு வண்டிகள் ஆளுக்கு மூன்று நிமிடம் எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எரிபொருள் குழு பம்புக்கு இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிரப்ப வைக்கும். டேங்க் மூடியின் பூட்டை முன்னாலேயே திறந்து வையுங்கள். மேலே பை கட்டாதீர்கள். காசு ரொக்கமாக, 1, 5, 10 டாலர் நோட்டுகளாகச் சட்டைப்பையில் இருக்கட்டும். தொகையை மேல்நோக்கி முழுதாக்கிக் கொடுத்துவிட்டு நகருங்கள். மீதிச் சில்லறைக்கு நின்றால் வரிசையும் நிற்கும்.

டயரில் காற்று: முதல் நாளிலேயே நடக்கும் தப்பு

நடுத்தடத்தின் முதல் நாள் மொஹாவே பாலைவனத்தைக் கடந்து அரிசோனாவின் வில்லியம்ஸில் முடிகிறது. வழியில் வரும் நீடில்ஸ் கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டர்தான். மே மாதத்தில் 35 டிகிரி சாதாரணம். வில்லியம்ஸ் 2,000 மீட்டருக்கும் மேலே. மறுநாள் விடிகாலையில் அங்கே உறைநிலையை ஒட்டிய குளிர் இருக்கக்கூடும்.

மதியம் டயரைத் தொட்டுப் பார்த்து ‘சூடாகிவிட்டதே’ என்று காற்றை இறக்குகிறார்கள். கூடவே கூடாது. 5.5 டிகிரி வித்தியாசத்துக்கு டயரின் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. மாறும். வெப்பநிலை ஒன்றின் கணக்கே விடிவதற்குள் 5 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துவிடும். அதற்கு மேல் நீங்களும் இறக்கியிருந்தால், மூட்டை ஏற்றிய வண்டி காற்றுக் குறைந்த டயரில் அடுத்த பாலைவனத்துக்குள் போகும். காற்றுக் குறைந்த டயர் அதிகம் நெளியும்; நெளிந்தால் சூடேறும்; சூடேறினால் உள்ளடுக்கு பிரியும். காற்றை அளக்க ஒரே நேரம் காலை, வண்டி உருளும் முன். கையேடு சொல்லும் அளவு குளிர்ந்த டயருக்கானது.

பத்து நாளுக்குச் சுமார் 4,500 கி.மீ.; வீடு திரும்ப அதே அளவு; மொத்தம் 9,000. கனமான டூரிங் வண்டியின் பின் டயர் ஒன்றின் ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதான். ‘பாதி தேய்ந்திருக்கிறது, போய் வந்துவிடலாம்’ என்று நினைத்தால், நடுவழியில் ஒரு சிற்றூரில் உங்கள் அளவு டயருக்காக இரண்டு நாள் காத்திருக்க நேரும். பின் டயரைப் புதிதாகப் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும், பல வருடம் கடையில் கிடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றுவது

காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால், மேலே படும் காற்று உடம்பைக் குளிர்விக்காது. கொல்லன் துருத்தி போல ஊதிச் சூடாக்கும். வியர்வை உணரும் முன்பே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போகிறது என்பதே தெரியாது. வலைத்துணி ஜாக்கெட்டைப் போட்டு, உள்ளே நனைத்த பனியனோ ஈர வெஸ்ட்டோ அணிந்தால் அந்த ஈரம் மெல்ல ஆவியாகி ஒரு மணி நேரமாவது தாங்கும். மணிக்கு அரை லிட்டரில் இருந்து முக்கால் லிட்டர் தண்ணீர், அதில் உப்பு கலந்த பானமும் கொஞ்சம். நிறுத்தத்தில் ஒரே மூச்சாக ஒரு லிட்டர் குடித்தால் அடுத்த நிறுத்தம் வரை தவிப்புதான். குழாய் வைத்த தண்ணீர்ப்பை முதுகில் இருப்பது நல்லது. அன்று மாலைக்கான குளிர் உடுப்பு மூட்டையின் அடியில் இருக்கக்கூடாது.

மது பற்றி ஒரு வரி போதும்: அன்றைய ஓட்டம் முடிந்து வண்டி நிற்கும் வரை தொடாதீர்கள்.

ஹெல்மெட் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் எல்லோரும் போட வேண்டும். அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் 18 வயது தாண்டியவர்களுக்குக் கட்டாயமில்லை. மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா வந்ததும் மறுபடி கட்டாயம். எல்லை தாண்டியதும் கழற்றிக் கட்டிக்கொண்டு, பிறகு எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றாமலே இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். கார் உரிமம் மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்க: எந்த மாநிலமானாலும் மோட்டார் சைக்கிளுக்குத் தனி ஒப்புதல் வேண்டும்.

அணிக்குள்

வண்டிகள் பிளாட்டூன் என்னும் சிறு அணிகளாகப் பிரிந்து போகும். முன்னே தலைவர், கடைசியில் ‘டெயில் கன்னர்’, பக்கவாட்டில் போக்குவரத்தைப் பார்க்க ‘ரோடு கார்டு’கள். வழக்கமான குழு ஓட்டத்தில் வண்டிகள் மாற்றி மாற்றி, ஒரே லேனின் இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் போகும்: குறுக்கே உள்ள வண்டிக்கு ஒரு நொடி, நேர் முன்னால் உள்ளதற்கு இரண்டு நொடி இடைவெளி. இங்கே பெரும்பாலும் ஜோடி ஜோடியாக, தோளோடு தோள் போவார்கள். பழக்கமில்லாதவர் பக்கத்து வண்டியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்; கண் போன பக்கம் கை போகும், வண்டியும் போகும். பார்வை நேர் முன்னால் உள்ள ஜோடியைத் தாண்டி, தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வண்டி ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். வீட்டில் இருக்கும்போதே ஒரு நண்பரோடு காலி நெடுஞ்சாலையில் ஜோடியாக ஐம்பது கி.மீ. ஓட்டிப் பழகுங்கள்.

ஒரு முறை பத்து வண்டி தூரம் பின்தங்கிவிட்டு, பிறகு முறுக்கிப் பிடிப்பது பெரிய பாவம். முன்னே ஒருவர் 5 மைல் வேகம் குறைத்தால் கடைசியில் உள்ளவர் பிரேக்கை நசுக்க வேண்டிவரும். அவர் மறுபடி பிடிக்க வேக எல்லையைத் தாண்ட வேண்டிவரும். ரப்பர் நாடா போல இந்த இழுப்பு நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் ‘குரூஸ்’ பொத்தானை மறந்துவிடுங்கள். சிறு மாற்றங்களைக் கைப்பிடியிலேயே செய்யுங்கள். தேவையில்லாமல் பிரேக் விளக்கை மின்னவிடாதீர்கள்.

நண்பரின் வண்டி பழுதானால் கூட நிற்கத்தான் மனம் சொல்லும். நிற்காதீர்கள். பழுதானவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வலது ஓரம் ஒதுங்குவார். பின்னால் டிரெய்லரோடு வரும் உதவி வண்டிகள் அவரைக் கவனிக்கும். நீங்களும் நின்றால் ஓரத்தில் ஒரு வண்டிக்கு இரண்டு வண்டி, இரண்டு மடங்கு ஆபத்து. அவர் விட்ட இடத்தை யார், எப்படி நிரப்புவது என்பது காலைக் கூட்டத்தில் சொல்லப்படும்; காபிக்காக அந்தக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

ஒரு காலியிடத்தை மட்டும் யாரும் நிரப்பக்கூடாது. முன்வரிசை அணியில் ஒருவருக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே இடம் விட்டிருப்பார்கள். அது காணாமல் போன ஒரு வீரரின் இடம்.

மேம்பாலங்களில் ஊர்மக்கள் கொடியோடு நின்று சல்யூட் அடிப்பார்கள். அண்ணாந்து பார்க்கிற அந்த இரண்டு நொடியில் 65 மைல் வேகத்தில் வண்டி 58 மீட்டர் ஓடிவிடும். இடது கையை உயர்த்திக் காட்டினால் போதும், கண் சாலையில் இருக்கட்டும். கண்ணீர் வரும், வரும் என்று தெரிந்தே முகமறைப்பைச் சற்றுத் திறந்து வையுங்கள், மூடியிருந்தால் ஆவி படியும்.

கொடி

அமெரிக்கக் கொடி விதிப்படி, கம்பத்தை வாகனத்தின் அடிச்சட்டத்தில் உறுதியாகப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் வலது ஃபெண்டரில், அதாவது சக்கரத்தின் மேல்மூடியில், பிடிக்க வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளிலும் அந்தக் கொடி ஓட்டுபவரின் வலப்பக்கம். போர்க்கைதிகள், காணாமல் போனவர்களுக்கான கறுப்புக் கொடி இடப்பக்கம், அதே உயரத்திலோ சற்றுக் கீழேயோ. இதை மாற்றிக் கட்டிக்கொண்டு வருகிறவர்களை முதல் நாளே யாராவது பிடித்துத் திருத்துவார்கள்.

கம்பத்தைப் பிளாஸ்டிக் கட்டுவாரால் ரேடியோ ஆன்டெனாவோடு கட்டாதீர்கள். கொடியின் இழுப்பில் ஆன்டெனாவின் அடிப்பிடிப்பு விரியும். பெட்டிக்கு அடியில் உள்ள உலோகச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கொடி பின்விளக்கையும் எண்பலகையையும் மறைக்கக்கூடாது. 12க்கு 18 அங்குலத்துக்கு மேல் தேவையில்லை. ஓரம் பல வரி தைத்த நைலான் நல்லது. எப்படித் தைத்தாலும் நாலைந்து நாளில் நுனி பிரியும். பிரிந்த கொடியோடு ஓடுவது மரியாதை ஆகாது. மாற்றுக்கொடி ஒரு ஜோடி வைத்திருங்கள். கிழிந்ததைக் குப்பையில் போடாதீர்கள். உரிய மரியாதையோடு, கூடுமானவரை எரித்து, அழிக்க வேண்டும் என்பது விதி. இரவில் விளக்கில்லாத இடத்தில் வண்டி நிற்கும் என்றால் கழற்றி மடித்து வையுங்கள்.

நிறுத்தங்களில் அவசரம்

நியூ மெக்சிகோவின் ஏஞ்சல் ஃபயரில், 1968இல் வியட்நாமில் இறந்த மகனுக்காக ஒரு தந்தை கட்டத் தொடங்கிய சிறு ஆலயம் இருக்கிறது. நாட்டில் இந்தப் போருக்காக எழுந்த முதல் நினைவிடங்களில் ஒன்று. அங்கே எஞ்சினை உறுமவிடாதீர்கள். மேற்கு வர்ஜீனியாவின் ரெயினெல்லில் பள்ளிக் குழந்தைகள் உங்களிடம் கையெழுத்துக் கேட்டு நோட்டை நீட்டுவார்கள். ‘நான் படைவீரன் இல்லையே’ என்று நழுவாமல் போட்டுக் கொடுங்கள். ஒரு பேனா சட்டைப்பையில் இருக்கட்டும். முன்னாள் வீரர்களிடம் ‘அங்கே என்ன நடந்தது’ என்று கிண்டாதீர்கள். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். அழுகிற முகத்தைப் படம் எடுக்காதீர்கள்.

சுவரின் முன்னால்

மாயா லின் வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட அந்தக் கறுங்கல் சுவரில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள். கல் நம் பக்கத்துப் பெங்களூரில் இருந்து போனது. பெயர்கள் அகர வரிசையில் இல்லை. இழப்பு நேர்ந்த நாளின் வரிசையில் இருக்கின்றன. இது தெரியாமல் வருகிறவர்கள் ஒரு மணி நேரம் தேடிவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டு சிறகுகளும் சேரும் மூலையில், 1 கிழக்கு என்ற பலகையில் 1959 என்று தொடங்கி, வலப்பக்கம் 70 கிழக்கு வரை போகும். பிறகு இடக்கோடியில் 70 மேற்கில் மறுபடி தொடங்கி, அதே மூலையில் 1975இல் முடியும். நீங்கள் யாருக்காகப் போகிறீர்களோ அவருடைய பலகை எண்ணையும் வரி எண்ணையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். வரியை மேலிருந்து எண்ண வேண்டும். பத்து வரிக்கு ஒரு புள்ளி இருக்கும்.

பெயருக்குப் பக்கத்தில் வைரக் குறி இருந்தால் இறப்பு உறுதியானது. சிலுவை போன்ற குறி இருந்தால் காணாமல் போனவர். உடல் மீட்கப்பட்டு அடையாளம் தெரிந்தால் அந்தக் குறியின் மேல் வைரம் செதுக்கப்படும். உயிரோடு திரும்பினால் சுற்றி வட்டம் போடுவதாக ஏற்பாடு. இதுவரை ஒரு வட்டமும் போடப்படவில்லை. அந்தப் போரில் இன்னும் 1,500க்கு மேற்பட்டோர் கணக்கில் வராதவர்கள்.

பெயரைத் தாளில் பென்சிலால் உரசி எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள தொண்டர்களிடம் தாள் கிடைக்கும். சுவரடியில் வைக்கும் பொருட்களைப் பூங்காத் துறை சேகரித்துப் பாதுகாக்கிறது. பூ போல வாடக்கூடியவற்றை வைத்துக்கொள்வதில்லை. கடிதம் வைப்பவர்கள் மழை தாங்கும் உறையில் போட்டு வைக்கலாம்.

திரும்பும் வழி

வாஷிங்டன் வரைதான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். மெமோரியல் டே முடிந்த மறுநாள் முன்னே தலைவர் இல்லை, பின்னே டிரெய்லர் இல்லை, பத்து நாள் அலுப்பு உடம்பில் இருக்கிறது. கூட்டத்தின் நடுவே ஓட்டிப் பழகிய கண் சந்திப்புகளில் தானாகவே அசட்டையாகிவிடும். இத்தனை நாள் உங்களுக்காக யாரோ போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும் முன் எஞ்சின் ஆயில் அளவும் பிரேக் பேடும் பாருங்கள். சங்கிலி வண்டி என்றால் சங்கிலித் தொய்வையும் பார்த்து ஆயில் விடுங்கள். முதல் நாள் 500 கி.மீ.க்கு மேல் போகாமல், இருட்டும் முன் அறை எடுத்துவிடுங்கள்.