பேய் பிடிக்கத் தடையாக இருந்த தொலைக்காட்சி

கொழிஞ்சாம்பாறையில் மழை விடாமல் பெய்த விடுமுறையில், அண்ணன் மகளும் நானும் 2019ஆம் ஆண்டு வெளிவந்த ‘லூய்ஜிஸ் மேன்ஷன் 3’ என்னும் பேய்பிடி விளையாட்டை ஆடத் தொடங்கினோம். பேய்கள் குடியேறிய விடுதியில், பயந்தாங்கொள்ளியான லூய்ஜி பேயின்மீது டார்ச் ஒளியைப் பளிச்சென அடித்துத் திகைக்க வைத்து, அது தெளிவதற்குள் முதுகில் சுமக்கும் வாக்குவம் கருவியால் உறிஞ்ச வேண்டும். பேய் ஓடும் திசைக்கு எதிராக இழுத்தால்தான் அதன் வலு குறையும்.

எங்களுக்கோ ஒளி ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பிந்தியே விழுந்தது. “சித்தப்பா, பேய்க்கு நம்மைவிட மூளை அதிகம்” என்று அவள் சலித்துக்கொண்டாள். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரின்மேல் ஐயப்பட்டு அதன் திசைக்குச்சியைச் சீரமைத்ததில் ஒரு மாலைதான் வீணாயிற்று. பிறகு விளையாட்டுக் கருவியான கன்சோலை, அதைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் ‘டாக்’ என்னும் தாங்கியிலிருந்து எடுத்து, அதன் சொந்தத் திரையிலேயே ஆடிப் பார்த்தபோது தாமதம் மறைந்தது.

குற்றவாளி தொலைக்காட்சிதான் என்பது அப்போது விளங்கியது. படத்தை மெருகேற்றுவதற்காக அது ஒவ்வொரு காட்சியையும் சற்று நிறுத்திப் பதப்படுத்திய பிறகே காட்டிக்கொண்டிருந்தது. பட அமைப்பில் ‘கேம் மோட்’ என்பதை இயக்கியதும் நிறம் கொஞ்சம் வெளிறினாலும் (பேய்க்கு வெளிறல் அழகுதானே), பொத்தானை அழுத்திய உடனே ஒளி பாய்ந்தது. அன்றிரவே மூன்று பேய்கள் அகப்பட்டன.